டன் கணக்கு சரி, காற்றுக் கணக்கு? 40 கிலோவாட் ரேக்கைக் குளிரவைக்கும் வழி

கேள்வி: சிறுசேரியில் உள்ள எங்கள் சர்வர் அறையில் 14 ரேக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 4 முதல் 5 கிலோவாட். உயர்த்திய தளம் (அடியில் குளிர்காற்று ஓடும்), 7 டிகிரி சில்டு வாட்டரில் (சில்லர் இயந்திரம் குளிரவைத்த நீரில்) ஓடும் பிஏசி (சர்வர் அறைக்கான துல்லிய ஏசி) யூனிட்டுகள். இப்போது எட்டு எச்100 ஜிபியு (ஏஐ வேலைக்கான என்விடியா சிப்) சர்வர்கள் வருகின்றன. ரேக்குக்கு நான்காக இரண்டு ரேக்கில் வைக்க எண்ணம். இன்னும் 25 டன்னுக்கு (குளிரூட்டும் திறன், ஒரு டன் சுமார் 3.5 கிலோவாட்) ஒரு பிஏசி வைத்தால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். போதுமா?

பதில்: போதாது. டன் கணக்கில் அவர் சொல்வது சரிதான். எட்டு ஜிபியு கொண்ட ஒரு சர்வர் அதிகபட்சம் 10.2 கிலோவாட் இழுக்கும். எட்டு சர்வருக்கு ஏறக்குறைய 82 கிலோவாட், அதாவது 23 டன் சொச்சம். ஆனால் அந்தக் குளிர்ச்சி ரேக்கின் முகப்புக்கு வந்து சேர வேண்டுமே, சிக்கல் அங்கேதான்.

சர்வருக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 12 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 41 கிலோவாட் ரேக் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 6,000 கன அடி காற்று வேண்டும். சாதாரண ஓட்டைத் தரை ஓடு ஒன்று 500 கன அடி தந்தாலே பெரிது. ஒரு ரேக்குக்குப் பன்னிரண்டு ஓடு போட இடம் ஏது? காற்று போதாவிட்டால் சர்வரின் விசிறிகள் பின்னால் இருக்கும் சூடான காற்றையே ரேக்கின் மேல்பக்கமாகச் சுற்றி இழுத்துக்கொள்ளும். கீழே உள்ள சர்வர் 22 டிகிரியில் நிம்மதியாக ஓடும். உச்சியில் உள்ளது 35-ஐத் தொடும். பெரும்பாலும் அலாரம்கூட அடிக்காது. அந்த ஜிபியுக்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பல ஜிபியு சேர்ந்து செய்யும் பயிற்சியில் மெதுவானதுக்காக மற்றவை காத்திருக்கும் என்பதால், மொத்த வேலையும் இழுத்துக்கொண்டு போகும்.

இடம் இருந்தால் முதலில் யோசிக்க வேண்டியது, ரேக்குக்கு ஒரு சர்வராகப் பிரித்து வைப்பது. 10 கிலோவாட் ரேக்கைக் காற்றிலேயே சமாளிக்கலாம். பாதிக்கு மேல் திறப்புள்ள கிரில் ஓடுகள், ரேக்கின் காலி இடங்களை மூடும் பிளாங்கிங் பேனல், கேபிள் துளைகளில் பிரஷ் அடைப்பு, ரேக்குகளின் முகப்புப் பக்கமுள்ள குளிர் வரிசைக்குக் கூரையும் கதவும். இவ்வளவுதான். ஆனால் சர்வர்களுக்கிடையே தூரம் கூடினால் செம்பு கேபிள் எட்டாது. ஆப்டிக்கல் கேபிளுக்கும் டிரான்ஸீவருக்கும் ஆகும் செலவை முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

இரண்டே ரேக்குகள்தான் என்றால், எங்கள் பரிந்துரை விசிறியுடன் கூடிய ரியர் டோர் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ரேக்கின் பின்கதவே ஒரு குளிர்காயில். சூடான காற்று அறைக்குள் வருமுன்பே அதில் குளிர்ந்துவிடுவதால், பழைய பிஏசிகளுக்குப் புதுச் சுமை ஏறாது. விசிறியில்லாத கதவு 20 கிலோவாட் அளவோடு திணறும். உங்களுக்கு விசிறி உள்ளதுதான் வேண்டும், 41 கிலோவாட்டுக்கான திறனை உங்கள் நீர் வெப்பநிலையிலேயே எழுதி வாங்குங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு, கட்டிடத்தின் 7 டிகிரி நீரை நேராகக் கதவுக்குக் கொடுப்பது. அறை 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 13. அதற்குக் கீழே எந்தக் குழாய் இருந்தாலும் வியர்க்கும். சொட்டுவது மின் கேபிள் மேல். ஆகவே இடையில் ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் பம்பும் கொண்ட சிடியு (குளிர்நீரைப் பகிர்ந்து அனுப்பும் அலகு) வைத்து, கதவுப் பக்கம் தனிச்சுற்றாக 18 டிகிரியில் நீர் அனுப்புங்கள். 24-இல் திரும்பி வரும்போது கதவுக்கு நிமிடத்துக்கு 98 லிட்டர் தேவை. இரண்டுக்கும் சேர்த்து 50 மில்லிமீட்டர் பிரதானக் குழாய் போதும். சிடியு கட்டுப்பாட்டை நிலையான 18 என்று பூட்டாமல், "டியூ பாயின்ட்டைவிடக் குறைந்தது 2 டிகிரி மேலே" என்று அமையுங்கள். சென்னையில் வெளிக்காற்றின் டியூ பாயின்ட் 25-ஐத் தொடும் நாட்கள் உண்டு. அறைக் கதவைச் செருகி வைத்துவிட்டுச் சாமான் ஏற்றினால் போதும், உள்ளேயும் ஏறிவிடும்.

கரண்ட் போனால்? சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். சில்லர் மறுபடி முழு வேகம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். 240 கன மீட்டர் அறையில், காற்றை மட்டும் கணக்கிட்டால், 82 கிலோவாட் நிமிடத்துக்கு 17 டிகிரி ஏற்றும். சுவரும் இரும்பும் கொஞ்சம் தாங்கினாலும் அவகாசம் மிகக் குறைவு. எனவே சிடியு பம்பு, கதவு விசிறி, சில்டு வாட்டர் பம்பு மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். சில்டு வாட்டர் பக்கம் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால், நீர் 7-லிருந்து 13-க்கு ஏறும்வரை, அதாவது ஐந்து நிமிடம், இந்தச் சுமையைத் தாங்கும். ஆர்டர் போடுமுன் சில்லரின் திறனை 42 டிகிரி வெளிவெப்பத்தில் கேளுங்கள். 35 டிகிரியில் எழுதிய எண் மே மாதத்தில் கிடைக்காது.

மின்சாரத்தையும் பாருங்கள். 32 ஆம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்பு 23 கேவிஏதான் தரும். ரேக்குக்கு வரும் ஏ, பி என்ற இரண்டு மின் இணைப்புகளில் ஒன்று போனாலும் மற்றது முழுச்சுமையைத் தாங்க 63 ஆம்பியர் வேண்டும்.

குழாய் முடிந்ததும் கதவுகளை பைபாஸ் செய்துவிட்டு, ஸ்டிரெய்னர் (துகள் பிடிக்கும் சல்லடை) சுத்தமாக வரும்வரை நீரை ஓட விடுங்கள். வெல்டிங் துகள் ஒருமுறை காயிலுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. வேலை பார்க்கும் இரு முனையிலும் வால்வு, ரேக்கின் கீழே கசிவு உணரி கேபிள். சர்வர் ஏற்றுமுன் ரேக்கில் 40 கிலோவாட் லோட் பேங்க் (சோதனைக்கான செயற்கை வெப்பச் சுமை) வைத்து நான்கு மணி நேரம் ஓட்டுங்கள். மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் முகப்பு வெப்பநிலை 27-ஐத் தாண்டக் கூடாது. அதே சுமையில் மெயின் சப்ளையை வெட்டி, சில்லர் திரும்ப வரும்வரை அந்த மூன்று அளவையும் பத்து வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்து, ஒப்பந்ததாரர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.