பிள்ளைகளோடு ரெஸ்லிங்: குமரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகளோடு சேர்ந்து ரெஸ்லிங் பார்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மட்டுமே ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை குமரிக்காரர்களுக்கு மட்டும்தான் பதில்.

அக்கா, என் மகனுக்கு ஏழு வயசு. டபிள்யூடபிள்யூஈ என்றால் உயிரை விடுவான். போன வாரம் அவன் சித்தப்பா வந்து, "எலே, இதெல்லாம் சும்மா நாடகம், யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சிருப்பானுவ" என்று சொல்லிவிட்டார். பிள்ளை ராத்திரி சாப்பிடவே இல்லை. நான் அவனிடம் என்ன சொல்லட்டும்?
ஒரு தாய், தக்கலை

சித்தப்பா சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்துவிடுவார்கள், அது நிஜம். டபிள்யூடபிள்யூஈ என்ற அந்த அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமே 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில் அதை ஒப்புக்கொண்டது. நாங்கள் நடத்துவது போட்டி இல்லை, பொழுதுபோக்கு, குத்துச்சண்டைக்குப் போடும் கட்டுப்பாடுகளை எங்களுக்குப் போடாதீர்கள் என்று சொன்னார்கள். மீதிப் பாதி என்னவென்றால், விழுவதும் வலிப்பதும் நிஜம். அந்த ரிங்குக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், கடைசியில் கேன்வாஸ் துணி, அவ்வளவுதான். மெத்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து, கைகளை விரித்துத் தரையில் அறைந்து, அடி முதுகு முழுவதும் பரவும்படி விழுகிறார். அதைப் பழகவே மாசக்கணக்கில் ஆகும். பழகியவர்களுக்கும் தப்பாது: 2007-இல் மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே பெரிய நட்சத்திரமான ஜான் சீனாவின் நெஞ்சுத் தசை கிழிந்து, அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது.

கந்த சஷ்டிக்குக் குமாரகோவிலில் சூரசம்ஹாரம் பார்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போயிருப்பீர்கள். சூரன் தோற்கப்போகிறான் என்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்தும் அவன் தலையை மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வரும்போது கூட்டம் கத்துகிறது, தோள் மேல் இருக்கிற பிள்ளையும் கத்துகிறது. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே. உங்கள் மகனிடம் இதையே சொல்லுங்கள், அவனுக்குப் புரியும். "ரெண்டு பேரும் சேர்ந்து நமக்கு ஒரு கதை சொல்லுகாங்க மக்கா, ஆனா ஒருத்தரை ஒருத்தர் பத்திரமா பாத்துக்கிட்டு சொல்லுகாங்க." யாருக்காவது நிஜமாகவே அடிபட்டால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலக் காட்டுவார், அதையும் சொல்லிக் கொடுங்கள். அந்த ரகசியம் தனக்குத் தெரியும் என்பதிலேயே பிள்ளைக்குப் பாதி வருத்தம் போய்விடும். அவனாகக் கேட்கும்வரை இதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டியதில்லை, கேட்டுவிட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

ஜான் சீனா இனிமேல் சண்டை போடவே மாட்டாரா?
நாலாம் வகுப்பு மாணவன், திங்கள்சந்தை

மாட்டார் மக்கா. 2025 டிசம்பர் 13-ஆம் தேதி வாஷிங்டனில் கடைசி மேட்ச் ஆடிவிட்டார். குந்தர் என்ற வீரரிடம் தோற்று, பிடியில் மாட்டிக் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு, முடித்துவிட்டார். தோற்றுவிட்டாரே என்று வருத்தப்படாதே, ஓய்வு பெறுகிற பெரிய வீரர் அடுத்து வருகிறவரை உயர்த்திவிட்டுப் போவது அங்கே பழைய வழக்கம். அவர் ரிங்குக்கு வெளியே செய்த ஒன்றையும் தெரிந்துகொள். கடுமையான நோயோடு இருக்கிற பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக் எ விஷ் அமைப்பு வழியாக அவர் 650-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். வேறு யாரும் இத்தனை பேரைப் பார்த்ததில்லை.

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் அடுத்த காட்சி அறிவித்தால் லீவு போட்டு வந்து, பத்து வயது மகனையும் ஆறு வயது மகளையும் நேரில் பார்க்கக் கூட்டிப் போக ஆசை. மனைவி பயப்படுகிறாள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
ஒரு தகப்பன், மார்த்தாண்டம்

கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள் தம்பி. டிவியில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் வேறு வேறு. 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலியில் பாலயோகி உள்ளரங்கத்தில் நடந்த காட்சிக்கு நானும் என் பிள்ளைகளும் போயிருந்தோம். சீனாவும் செத் ராலின்ஸும் ஒரே அணியில் நின்றார்கள், ரியா ரிப்ளி வந்தார், நம்ம நாட்டு ஷாங்கி அந்தக் குந்தரை எதிர்த்து இறங்கினார். குந்தர் நெஞ்சில் அறைகிற சத்தம் கேலரி வரைக்கும் கேட்டது, அறை வாங்கியவர் நெஞ்சு சிவந்துபோனது நிஜச் சிவப்பு. டிவியில் இது பாதிதான் வரும்.

முதலில் டிக்கெட். விலை கூடின தரைத்தள நாற்காலிதான் நல்லது என்று நினைத்து அதை எடுக்காதீர்கள். அங்கே தரை சமதளம், பெரிய ஆள் யாராவது நுழைவுப் பாட்டுக்கு எழுந்து நின்றால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், உங்கள் மகளுக்கு அப்புறம் முதுகுகள்தான் தெரியும். பிள்ளைகளுக்குக் கேலரியில் முன் வரிசைகள்தான் சரி, பக்கத்தில் படிக்கட்டோ நடைபாதையோ உள்ள இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது, அவசரத்துக்கு ஓட வசதி.

அடுத்தது சத்தம். ஒவ்வொருவர் வரும்போதும் பாட்டு நெஞ்சை அதிரவைக்கும், விளக்குகள் திடீரென்று அணைந்து எரியும், பெரிய காட்சிகளில் வாணவேடிக்கையும் உண்டு. ரிங்குக்கு அடியில் மைக் வேறு வைத்திருப்பார்கள், அதனால் ஒவ்வொரு விழுதலும் இடி மாதிரி கேட்கும். ஆறு வயது மகளுக்குக் காதை முழுவதும் மூடுகிற இயர்மஃப் வாங்கிவிடுங்கள், ஆன்லைனில் கிடைக்கும், வீட்டிலேயே சில நாள் மாட்டிப் பழக்குங்கள். லைட் அணைவதைப் பற்றி முன்னாலேயே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டாள்.

அரங்கத்துக்குள் வர்ணனை கிடையாது, இதைப் பலர் யோசிப்பதில்லை. யார் நல்லவர், யார் வில்லன், யாருக்கு யாரோடு பகை என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு மாசத்துக்கு முன்னாலிருந்தே சேர்ந்து பார்க்க ஆரம்பியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில்தான் வருகிறது. ரா என்ற வார நிகழ்ச்சி நமக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் வரும், பள்ளிக்கூட நாள், அதை விட்டுவிடுங்கள். ஸ்மாக்டவுன் என்ற இன்னொரு வார நிகழ்ச்சி அமெரிக்காவில் வெள்ளி இரவு எட்டு மணி என்றால் இங்கே சனிக்கிழமை காலை ஐந்தரை, அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிற குளிர்காலத்தில் ஆறரை. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை, நீங்கள் துபாயில் இருந்தாலும் போனில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: நம்ம சின்ன வயதில் பார்த்த தொண்ணூறுகளின் நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டாதீர்கள், ரத்தமும் ஆபாசமும் அதில் அதிகம். 2008-க்குப் பிறகுதான் அவர்கள் குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி மாற்றினார்கள்.

கத்தவும் சொல்லிக் கொடுங்கள். வில்லனைப் பார்த்து "பூஊ" என்று கேலியாகக் கத்துவது அவருக்குச் செய்கிற மரியாதை, அதற்காகத்தான் அவர் அவ்வளவு பாடுபடுகிறார், சில சமயம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே முறைப்பார், அந்த ஒரு முறைப்பை உங்கள் மகன் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பான். ஆனால் நிறத்தையோ உடம்பையோ வைத்துக் கத்தக்கூடாது, பின்னால் இருக்கிறவர்கள் அப்படிக் கத்தினால் அது தப்பு என்று பிள்ளையிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். கையால் எழுதிய அட்டை கொண்டுபோகலாம், தமிழிலேயே எழுதலாம், மேட்ச் நடக்கும்போது மட்டும் கீழே வைத்துவிட வேண்டும், பின்னால் இருப்பதும் ஒரு பிள்ளைதான்.

டிவிக்காக நடத்தாத காட்சிகளில் பெரும்பாலும் கடைசியில் நல்லவர்கள்தான் ஜெயிப்பார்கள், ஹைதராபாத்திலும் அப்படித்தான், அதனால் பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வருவார்களோ என்ற கவலை வேண்டாம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும், கக்கூஸுக்கு முன்னாலேயே கூட்டிப் போய்விடுங்கள். சாம்பியன் பெல்ட், டீஷர்ட் கடை வாசலிலேயே இருக்கும், எவ்வளவுக்கு வாங்குவது என்று வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி இரண்டு பேர் பாக்கெட்டிலும் போட்டுவிடுங்கள், கூட்டம் கலையும்போதுதான் பிள்ளைகள் கை தவறுவது.

நம்ம பக்கத்திலிருந்து ஹைதராபாத் போவதென்றால் திருவனந்தபுரம் போய்ப் பிளேன் ஏறலாம், இல்லை சபரி எக்ஸ்பிரஸில் ஒரு பகலும் ஒரு இரவும் போகலாம். நான் ரயிலைத்தான் சொல்வேன். ஏத்தங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு, யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டிக்கொண்டு, அந்தப் பயணமே பிள்ளைகளுக்குப் பாதிக் காட்சி. வளைகுடாவிலேயே பார்ப்பதானாலும் வழி உண்டு, சவுதியில் 2018 முதல் பெரிய காட்சிகளை நடத்திவருகிறார்கள்.

எங்கள் காலத்தில் தாராசிங், கிங்காங் என்றால் ஊரே பேசும். பேரன் அந்தப் பெயரையே கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச ஏதாவது உண்டா?
ஒரு தாத்தா, இரணியல்

நிறைய உண்டு தாத்தா. தாராசிங் 1968-இல் பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கச் சாம்பியனை ஜெயித்தார், அந்த லூ தெஸ் பெயர் பேரன் பார்க்கிற ரெஸ்லிங்கில் இன்றும் இருக்கிறது: ஓடிவந்து தாவி மேலே உட்கார்ந்து சாய்க்கிற பிடிக்கு "லூ தெஸ் பிரஸ்" என்றுதான் பெயர். அடுத்த முறை வர்ணனையில் அது வரும்போது பேரனைத் தட்டிக் கூப்பிட்டு, இந்த ஆளைத்தான் நம்ம தாராசிங் சாய்த்தார் என்று சொல்லுங்கள். கிங்காங் ஹங்கேரியில் பிறந்தவர், தாராசிங்கைவிட எவ்வளவோ கனமானவர், அவரைத் தாராசிங் தூக்கிய கதையை நீங்கள் சொல்கிற மாதிரி யாராலும் சொல்ல முடியாது. அங்கிருந்து நேராக 2007-இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய கிரேட் காளிக்கு வந்துவிடலாம், இமாசலப் பிரதேசத்துக்காரர், அவரைப் பேரனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பி ரெஸ்லிங் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நான் பார்த்தால் ஆச்சி "பொம்பளப் பிள்ளைக்கு என்ன அடிதடி" என்கிறாள்.
ஒரு மாணவி, குளச்சல்

ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கவிதா தேவியின் மேட்சைப் போட்டுக் காட்டு. ஹரியானாக்காரர், பளு தூக்கும் வீராங்கனை, 2016 தெற்காசிய விளையாட்டில் தங்கம் வாங்கியவர். 2017-இல் டபிள்யூடபிள்யூஈ ரிங்கில் ஏறிய முதல் இந்தியப் பெண் அவர்தான், அதுவும் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு, எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கினார். வருஷத்தின் மிகப் பெரிய காட்சியான ரெஸில்மேனியாவில், 2019-இல் கடைசி மேட்சே மூன்று பெண்களுடையது. அந்த மூன்று பேரில் ஜெயித்த பெக்கி லிஞ்ச் அப்புறம் பிள்ளை பெற்று, திரும்ப வந்து மறுபடியும் பட்டம் வாங்கினார், ஆச்சிக்கு அந்தக் கதை பிடிக்கும். நீ பார், தைரியமாகப் பார். உன் வீட்டுப் பெரியவர்கள் இதைப் படித்தால் நான் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்பதும் பன்னிரண்டும் வயதில் இரண்டு பையன்கள். மெத்தையைத் தரையில் போட்டு இதே விளையாட்டு. போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் இளையவனைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டுவிட்டான், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. டிவியையே நிறுத்திவிடலாமா?
ஒரு தாய், ஆரல்வாய்மொழி

டிவியை நிறுத்தினால் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பார்கள், அப்போது நீங்கள் கூட இருக்க மாட்டீர்கள். நிறுத்த வேண்டியது தலைகீழாகத் தூக்குவதை, அதில் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. பையன்களிடம் ஸ்டீவ் ஆஸ்டின் என்ற ரெஸ்லிங் வீரரின் கதையைச் சொல்லுங்கள். 1997-இல் எதிராளி அவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது தலை சில அங்குலம் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான், கழுத்தில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் கைகால் அசையவில்லை. அத்தனை வருஷம் பழகிய இரண்டு பேருக்கே அப்படி. பைல்டிரைவர் என்ற அந்தப் பிடியை நிறுவனமே பிறகு ஓரிரு ஆட்களைத் தவிர மற்றவர்களுக்குத் தடை செய்துவிட்டது. தூக்குவது, கழுத்தைப் பிடிப்பது, கட்டிலிலிருந்து குதிப்பது, இந்த மூன்றும் வீட்டில் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

மற்றபடி விளையாடட்டும். அட்டையில் பெல்ட் செய்யட்டும், பாட்டுப் போட்டு நடந்து வரட்டும், ஒருவன் வர்ணனை செய்யட்டும், தலையணையை எதிராளியாக வைத்து அழுத்திப் பிடித்து மூன்று எண்ணட்டும். உடம்பு சும்மா இருக்காத பிள்ளைகள் என்றால் நம்ம மாவட்டத்தில் அடிமுறையும் சிலம்பமும் சொல்லித்தருகிற ஆசான்மார் இருக்கிறார்கள், அங்கே சேர்த்துவிடுங்கள், அடிக்கிற கையை அடக்கி வைப்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்லித்தருவார்கள்.

இளையவனை இன்னும் சில நாள் கவனியுங்கள். கழுத்து வலி, கை மரத்துப்போவது, வாந்தி, தலைச்சுற்றல், அளவுக்கு மீறிய தூக்கம், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முதலில் வர்ம வைத்தியரிடம் தடவிப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், கழுத்து விஷயத்தில் படம் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் யாரும் கை வைக்கக் கூடாது.