பன்னிரண்டு வயதில் லிபரோவா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, வாலிபால் என்றால் உயிர். அவளுடைய கோச் மாநில அணிக்கு ஆடியவர், அதனால் அங்கே யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. குள்ளமாக இருக்கிறாள் என்று சேர்ந்த மாதமே அவளை லிபரோ (பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக்கொடுப்பவர்) ஆக்கிவிட்டார். ஆறு மாதமாகப் பந்தை எடுத்துக்கொடுப்பது மட்டும்தான் பயிற்சி. சர்வீஸ் போட ஏங்குகிறாள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரிடம் நான் போய்ப் பேசலாமா?
– ஒரு தாய், தேனி

பதில்: தாராளமாகப் பேசுங்கள் அம்மா.

மாநில அணிக்கு ஆடியவர் என்றால் அவருக்கு ஆடத் தெரியும். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பது வேறு விஷயம். இரண்டும் ஒருவரிடமே அமைவதும் உண்டு, நம்ம வாலிபால்காரர் ஜி.இ. ஸ்ரீதரன் ஆட்டக்காரராக 1982-இல் அர்ஜுனா விருதும், கோச்சாக 2007-இல் துரோணாச்சாரியா விருதும் வாங்கியவர். ஆனால் வாலிபால் கோச் ஹூலியோ வெலாஸ்கோவைப் பாருங்கள். அர்ஜென்டினாக்காரர், கல்லூரியில் தத்துவம் படிக்கப் போனவர், ஆட்டக்காரராகப் பெரிய பெயர் கிடையாது. அவர் பயிற்சியில் இத்தாலி ஆண்கள் அணி 1990-லும் 1994-லும் உலக சாம்பியன் ஆனது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிப் பெண்கள் தங்கம் வாங்கியபோதும் கோச் அவர்தான், அப்போது வயது 72.

அவர் காலமெல்லாம் சண்டை போட்டது சாக்குச் சொல்லும் பழக்கத்தோடு. ஸ்மாஷ் அடிப்பவர், பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரைக் குறை சொல்வார், செட்டர் முதல் பந்தை எடுத்தவரைக் குறை சொல்வார், கடைசியில் பழி மைதானத்து விளக்கின் மேல் போய் விழும். பந்து எப்படி வந்தாலும் அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் ஆட்டம் என்பது அவர் கட்சி. எனக்கு அது ரொம்பச் சரியாகப் படுகிறது, ஆனால் ஒரு பிள்ளைக்கு அந்தப் புத்தி வர வேண்டுமானால் அவள் எல்லா இடத்திலும் நின்று ஆடிப் பார்த்திருக்க வேண்டும், நாலு பந்தைத் தூக்கிக் கொடுத்துப் பார்த்தவளுக்குத்தான் செட்டரின் கஷ்டம் புரியும்.

லிபரோ 1998-இல் விதியில் சேர்ந்த இடம். பெரியவர்கள் ஆட்டத்தில் அருமையான இடம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சர்வதேச விதிப்படி லிபரோ சர்வீஸ் போடக் கூடாது, நெட்டருகே எம்பி எதிராளி அடியைத் தடுக்கும் பிளாக்குக்குப் போகக் கூடாது, நெட் உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது, முன்வரிசை ஆட்டக்காரராக ஆடவும் முடியாது. பன்னிரண்டு வயதிலேயே அதில் நிறுத்தினால் பாதி ஆட்டம் அவளுக்குத் தெரியாமலே போய்விடும். அடுத்த வருஷமே அவள் மளமளவென்று வளர்ந்துவிட்டால் கோச் என்ன செய்வார்?

கோச் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம், போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கும் இருக்கும். பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். பயிற்சி முடிந்து அவர் தனியாக இருக்கும்போது, “சார், மேட்ச்சில் லிபரோவாகவே ஆடட்டும், பிராக்டிஸில் மட்டும் மற்றவர்களைப் போல சர்வீஸும் ஸ்மாஷும் சொல்லிக்கொடுங்க” என்று கேளுங்கள். நெட்டைக் கொஞ்சம் இறக்கிக் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள், பெரிய பெண்களுக்கான 2.24 மீட்டர் அவளுக்கு ரொம்ப உயரம். நல்ல கோச் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், பக்கத்தில் வேறு மைதானம் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.

அதுவரை சர்வீஸை நீங்களே ஆரம்பித்து வைக்கலாம். எல்லைக்கோடு நெட்டிலிருந்து 9 மீட்டர், அங்கிருந்து வேண்டாம். நாலைந்து மீட்டரில் நிற்கவைத்துக் கீழ்க்கை சர்வீஸ் (கையைக் கீழிருந்து வீசி அடிப்பது) போடச் சொல்லுங்கள், பத்தில் எட்டு தாண்டினால் ஒரு அடி பின்னால் போகட்டும்.