அப்பாவின் லாட்டரி மோகத்துக்கு மாத்திரை காரணமா?

பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடும் உங்கள் அப்பா திடீரென்று லாட்டரியில் பணத்தைக் கொட்டுகிறார் என்று கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அவர் குணம் கெட்டுப்போகவில்லை. அவருக்குப் பைத்தியமும் பிடிக்கவில்லை. இவ்வளவு நீளமாக எழுதியும் நீங்கள் கேட்கத் தயங்கியது இதைத்தான் என்று தோன்றுகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்துவந்த பிரமிபெக்ஸோல் மாத்திரையின் அளவை எட்டு மாதம் முன்பு கூட்டினார்கள் என்று, அந்த வரிதான் முக்கியம். கடனுக்கு ஒரு டீகூடக் குடிக்காத ஓய்வுபெற்ற ஆசிரியர் கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ் ஏறிப் போய்க் கட்டுக்கட்டாக லாட்டரி வாங்கத் தொடங்கியதும், அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனதும் அதற்குப் பிறகுதான். ராத்திரி இரண்டு மணிக்கு மிக்ஸியைக் கழற்றி, ஸ்க்ரூக்களைப் பெரிது சிறிதாக அடுக்கிவைத்து, பூட்டிவிட்டு மறுபடியும் கழற்றுகிறார் என்கிறீர்களே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான்.

பார்க்கின்சனில் டோபமின் என்ற ரசாயனம் மூளையில் குறைகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைவதில்லை. கைகால் அசைவை நடத்தும் பகுதியில் வெகுவாக வற்றிவிடும். ஆசை, பரிசு, எதிர்பார்ப்பு இவற்றைக் கவனிக்கும் பகுதியில் ஓரளவு மிஞ்சியிருக்கும். டோபமினைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்ஸோல் மாத்திரைக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. காய்ந்த வயலுக்குத் திறந்துவிட்ட தண்ணீர், ஏற்கெனவே நனைந்திருந்த பக்கத்து வயலை மூழ்கடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அதிலும் பிரமிபெக்ஸோல் போய் ஒட்டிக்கொள்ளும் டி3 என்ற ஏற்பிகள் அந்த ஆசைப் பகுதியில்தான் அதிகம்.

எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அப்பா காதில் ஏறவில்லை என்று வருந்துகிறீர்கள். எதிர்பார்த்தது கிடைக்காதபோது மூளையில் டோபமின் சட்டென்று இறங்கும். அந்த இறக்கம்தான் 'இது வேண்டாம்' என்று நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. மாத்திரை ஏற்பிகளைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருந்தால் அந்த இறக்கம் உறைப்பதில்லை. மருந்து சாப்பிடும் பார்க்கின்சன் நோயாளிகள் ஜெயித்ததிலிருந்து நன்றாகக் கற்கிறார்கள், தோற்றதிலிருந்து சரியாகக் கற்பதில்லை என்று 2004-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. அவரிடம் புத்திமதி எடுபடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவரைத் திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இது அபூர்வமும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 17 சதவீதம் பேரிடம் சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அடங்காத தீனி, அடங்காத பாலுணர்வு இவற்றில் ஒன்றாவது இருந்தது. சாப்பிடாதவர்களில் அது சுமார் 7 சதவீதம். கடைசியாகச் சொன்னதைப் பற்றி அம்மாவிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். நம் வீடுகளில் அம்மாக்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

சரி, இப்போது நீங்கள் செய்திருக்கும் காரியத்துக்கு வருகிறேன். யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, பிரமிபெக்ஸோலோடு, மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையையும் சேர்த்து ஒளித்துவைத்துவிட்டு, நான்கு நாளாகப் பூனைக்காலிப் பொடியைப் பாலில் கலந்து கொடுக்கிறீர்கள். இதைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். மாத்திரையில் அளவு தெரியும். பாக்கெட் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். 1950-களில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு ரெசர்பைன் என்ற மருந்தைக் கொடுத்தார். அது நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுப்பது. முயல்கள் அசையாமல் கிடந்தன. லெவோடோபா போட்டதும் எழுந்து நடமாடின. உங்கள் அப்பாவின் இன்றைய வைத்தியம் அந்த வழியில் வந்ததுதான். மூலிகை மூளையைத் தொடாது என்று இனி யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சல், உடம்பு கட்டைபோல் விறைப்பது, பேச்சில் குழப்பம் வந்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரமிபெக்ஸோலைச் சட்டென்று நிறுத்தினாலும் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று ஆளை வாட்டும். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதனால் இன்றே அவருடைய நரம்பியல் டாக்டரைக் கூப்பிட்டு நான்கு நாள் மாத்திரை விட்டுப்போனதையும், பொடி கொடுத்ததையும், லாட்டரி விஷயத்தையும் சொல்லுங்கள். எதை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர் சொல்வார். அதுவரை நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மாத்திரையை முறையாகக் குறைத்தால் இந்த வேகம் பெரும்பாலானவர்களுக்கு வாரங்களில் அல்லது சில மாதங்களில் தணிந்துவிடுகிறது.

மற்ற கேள்விகள்: டோபமின் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள், ரத்தத்தில் இருப்பது மூளையில் இருப்பதைச் சொல்லாது. வாசனை தெரியாமல் போனதும் கையெழுத்து சிறுத்ததும் இந்த நோயில் சகஜம். உங்களுக்கும் வருமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூடவே உள்ளே போங்கள். லாட்டரி விஷயத்தை அப்பா தானாகச் சொல்ல மாட்டார், வெட்கப்படுவார். அது தணியும்வரை ஏடிஎம் கார்டும் பென்ஷன் பாஸ்புக்கும் அம்மாவிடம் இருக்கட்டும், ஆனால் அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். இது மாத்திரை செய்த வேலை என்று உட்கார்ந்து சொல்லிவிட்டு, அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.