தொண்டை இறுகி மூச்சு முட்டுகிறது, ஆனால் விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 98 என்று காட்டுகிறது. இது ஆஸ்துமாவா, வெறும் பயமா?

நான் மருத்துவன் அல்லன். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தும் ஆசிரியன். நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற தொல்லைக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் ஆஸ்துமா என்ற பெயரில் இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருந்தவன் என்பதால் இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு வாய்ப்புகளைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இருந்தது இரண்டும் அல்ல.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொண்டை இறுகும்போது உதடோ நாக்கோ வீங்கினால், உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தால், மேலே படிக்காமல் 108-ஐ அழையுங்கள். இறால், வேர்க்கடலை, குளவிக் கொட்டு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதனாலும் கடும் ஒவ்வாமை வரலாம். அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். இரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவற்றை உட்கொள்வோருக்கு, பல ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லாமல் இருந்த பிறகும், திடீரென நாக்கும் தொண்டையும் வீங்குவது உண்டு. படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தொண்டையும் தாடையும் இறுகி, நின்றவுடன் விட்டுவிடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை.

இனி என் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா இட்லிப் பொடிக்கு மிளகாய் வற்றல் வறுத்துக்கொண்டிருந்தார். அந்த நெடி ஏறியதும் எனக்கு இருமல் வந்தது. இருமல் நின்ற இடத்தில், யாரோ குரல்வளையைக் கையால் பிடித்ததுபோல மூச்சு உள்ளே போகாமல் நின்றுவிட்டது. இழுக்க இழுக்க 'ஈ' என்று ஒரு கீச்சொலிதான் வந்தது. பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதற்குள் பாதி தணிந்திருந்தது, அங்கே நெபுலைசர் வைத்தார்கள், மீதியும் தணிந்தது. தானாக அடங்கிக்கொண்டிருந்த ஒன்றுக்கான நல்ல பெயரை நெபுலைசர் தட்டிக்கொண்டு போயிற்று. அன்று முதல் நான் ஆஸ்துமாக்காரன். இன்ஹேலரால் குரல் கம்மியதே தவிர, சாம்பிராணிப் புகையிலும் கொசுவர்த்திப் புகையிலும் தொண்டை அடைப்பது நிற்கவில்லை.

பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "எங்கே அடைக்கிறது, கையை வைத்துக் காட்டுங்கள்." நான் நெஞ்சில் வைக்காமல் கழுத்தில் வைத்தேன். "மூச்சை உள்ளே இழுக்கும்போது சிரமமா, வெளியே விடும்போதா?" அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடுவதுதான் பாடு, வீசிங் சத்தமும் நெஞ்சிலிருந்து வரும். எனக்கோ உள்ளே இழுப்பதுதான் பாடு.

அவர் என்னைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். மூக்கில் மரப்பு மருந்தை அடித்து, மெல்லிய குழாய்க் கேமராவைத் தொண்டை வரை இறக்கி, வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். இறுக்கம் வந்தது. மூச்சை இழுக்கும்போது அகலத் திறக்க வேண்டிய குரல் நாண்கள் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்வதையும், பின்பக்கத்தில் வைர வடிவில் ஒரு சிறு இடைவெளி மட்டும் மிஞ்சுவதையும் திரையில் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்தச் சந்து வழியாகத்தான் நான் அத்தனை நாளும் மூச்சு வாங்கியிருக்கிறேன். ஆக்சிஜன் 98 காட்டியதும் அதனால்தான். 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர்கள், ஆஸ்துமா என்று சிகிச்சை பெற்றுவந்த ஐந்து பேரிடம் இதையே கண்டு, 'குரல் நாண் செயல்பாட்டுக் கோளாறு' (vocal cord dysfunction) என்ற பெயரில் எழுதியிருக்கிறார்கள்.

குரல்வளைக்கு முதல் வேலை பேச்சு அன்று, மூச்சுக்குழாய்க்குக் காவல். இரவில் எதுக்களித்து மேலேறும் அமிலத்தாலும், மூக்கிலிருந்து பின்புறம் வழியும் சளியாலும் அந்தக் காவல்காரன் எரிச்சலடைந்திருந்தால், சிறு நெடிக்கும் கதவைச் சாத்திவிடுகிறான். இதில் பயம் பின்னால் வந்து சேருவது. பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏறுகிறது (இது என் பாடம்), விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, மூச்சு போதவில்லை என்ற உணர்வு இரட்டிப்பாகிறது. ஆகவே 'எல்லாம் மனசுதான்' என்று யாராவது சொன்னால், அது பாதிகூட உண்மையில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தந்த முறை எளிது: பூவை முகர்வதுபோல மூக்கால் குட்டிக் குட்டியாக உறிஞ்சி, சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். முகரும் செயலே குரல் நாண்களை விலக்கும். நன்றாக இருக்கும் நாள்களில் பழகியிருந்தால்தான் அடைக்கும் நேரத்தில் அது கைகொடுக்கும். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக முடித்துக்கொண்டதும் எனக்குப் பெரிதும் உதவியது. ஆனால் ஆஸ்துமாவும் இதுவும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், இதைப் படித்துவிட்டு இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூச்சில் தடையே இல்லாமல், தொண்டைக்குள் பந்து உருள்வதுபோல மட்டும் இருந்து, வெறும் எச்சில் சிக்கினாலும் சோறு தடையின்றி இறங்குகிறது என்றால் அது வேறு, பெரும்பாலும் ஆபத்தற்றது. சோறே சிக்கினாலோ எடை குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த முறை அடைக்கும்போது, வீட்டிலிருப்பவரிடம் சொல்லி, கழுத்து தெரியும்படியும் சத்தம் கேட்கும்படியும் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது நாம் எல்லோரும் நன்றாகத்தான் இருப்போம். என் கோப்பிலிருந்த அத்தனை அறிக்கைகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, என் மனைவி எடுத்திருந்த நாற்பது விநாடிப் பதிவைத்தான் அந்த நுரையீரல் மருத்துவர் மூன்று முறை போட்டுக் கேட்டார்.