பையனுக்கு 18 ஆகும் முன்பே

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. அறிவுசார் குறைபாடு, வலிப்பும் உண்டு. 18 முடிந்தால் சிறப்புப் பள்ளியில் இடம் இல்லையாம். ஆஸ்பத்திரியிலும் இனி பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். கூட்டத்தைக் கண்டாலே மிரள்கிறான். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. தனியாக என்ன செய்வேன்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, பிறந்தநாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பழகின டாக்டரும் டீச்சரும் பக்கத்தில் இருக்கும்போதே புது இடத்துக்குப் பழக்கிவிட வேண்டும்.

முதலில் மருத்துவம். வலிப்பு எப்போது தொடங்கியது, இப்போது எந்த மாத்திரை எவ்வளவு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் குழந்தைகள் டாக்டரிடம் ஒரே கடிதமாக எழுதி வாங்குங்கள். கையில் மாத்திரை இருக்கும்போதே புது டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மறுபடி வரும் ஆபத்து உண்டு.

அந்தக் கடிதத்தோடு வைக்க இன்னொரு தாள் வேண்டும்; அதை நீங்கள்தான் எழுத முடியும். வலித்தால் எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், யார் கையைப் பிடித்துக்கொண்டால் ஊசி போட விடுவான்? புறநோயாளிகள் வரிசையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் எந்த டாக்டருக்கும் இது தெரிய வழியில்லை. எழுதி நீட்டுங்கள். வைத்தியம் எதுவும் இல்லாத ஒரு நாளில், கூட்டம் வடிந்த மத்தியானமாக அவனைக் கூட்டிப்போய் அந்த இடத்தைச் சும்மா காட்டிவிட்டு வாருங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 18 ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கணவரை அன்று ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள்; இது இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, 1 லட்சம் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு இரண்டையும் அப்படியே கேட்டுவிடுங்கள். யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கையில் இருக்கட்டும்.

அப்புறம் பள்ளி. எனக்கு அதிகக் கவலை இதில்தான். பள்ளி நின்றதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள், டீச்சர்கள் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையமோ பகல்நேரப் பராமரிப்பு மையமோ அருகில் எங்கே இருக்கிறது என்று இப்போதே டீச்சரிடம் கேளுங்கள். பார்க்கப் போகும்போது அவனையும் கூட்டிப்போய்ச் சிறிது நேரம் உட்கார வையுங்கள். அவனுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், வேறு இடம் பாருங்கள்.