பனியன் கம்பெனி வேலையோடு பிளஸ் டூ: ஒரு சகோதரிக்குப் பதில்

அன்புச் சகோதரிக்கு,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வயது 34, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பிளஸ் டூ இல்லாமலேயே டிகிரியில் சேர்த்துவிடுவதாக ஒரு சென்டரில் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அங்கே பணம் கட்டிவிடாதீர்கள்.

பிளஸ் டூ படிக்காதவர்கள் ஓர் அடிப்படைப் படிப்பை முடித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேரும் வழி திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்திருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். 2009-ல் வந்த அரசாணை எண் 107 இதைத்தான் சொல்கிறது. பட்டம் வாங்கிய பிறகு டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் இது தெரியவந்து நொந்துபோனவர்கள் உண்டு. உங்களுக்கு அது நேரக் கூடாது.

ஆகவே முதலில் பிளஸ் டூ. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலேயே எழுதலாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பாடப்புத்தகம் எளிதாகக் கிடைக்கும். இன்னொரு வழி, என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். ஐந்து பாடம் தேறினால் போதும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு தேர்வு. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ பாடம் மட்டும் எழுதலாம். தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. நீங்கள் எடுக்கும் பாடங்களைத் தமிழில் எழுத முடியுமா, தமிழக அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஐந்தையும் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்ற வேகம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அந்த வேகம்தான் எனக்குக் கவலை. காலை எட்டரைக்கு டேபிளில் நின்றால், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் என்று நாள் முழுக்கத் தேடிய கண்ணுக்கு, வீட்டுக்கு வந்து இரவு பத்து மணிக்குப் புத்தகம் ஏறாது. அது உங்கள் மூளையின் குறை அல்ல. இரவுப் படிப்பை விட்டுவிடுங்கள்.

சூப்பர்வைசரிடம் பேசி வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் கூடுதலாக ஓடும் அரை ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு முழு ஷிப்ட் காசு குறையும். தேர்வுக் கட்டணத்தைவிட உங்களுக்குப் பெரிய செலவு இதுதான். இதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். புதிதாக ஏதாவது சீட்டுச் சேரும் எண்ணம் இருந்தால் தள்ளிவையுங்கள். அந்த இரண்டு மாலையும் ஞாயிறு காலை மூன்று மணி நேரமும் படிப்புக்கு. அந்த நேரத்தில் சமையலும் பிள்ளைகளும் யார் பொறுப்பு என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். மாமியார் உதவுவார் என்றால் நீங்களே நேரில் உட்கார்ந்து கேளுங்கள்.

மீதி நாட்களில் கம்பெனி வண்டியில் போய்வரும் நேரம் இருக்கிறது. பாடத்தை நீங்களே வாய்விட்டு வாசித்து போனில் பதிவுசெய்து, வண்டியில் ஹெட்செட்டில் கேளுங்கள். குடும்பத்தோடு படிக்கும் பெண்கள் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது.

முதல் தேர்வை ஏப்ரல்-மே மாதத்தில் வையுங்கள். தீபாவளிக்கு முன்னால் வேலை எப்படி நெருக்கும், போனஸ் வாங்கும்வரை லீவு கேட்க முடியுமா என்பது உங்களுக்கே தெரியும். அக்டோபரில் எழுதினால் எளிய பாடம் ஒன்றை மட்டும் எழுதுங்கள். எதை முதலில் எடுப்பது என்றால், ஆங்கிலம். பயமாக இருக்கும், ஆனாலும் அதைத்தான் சொல்வேன். மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டர் கொடுக்கும் பையரோடு பேசி வேலையை ஒருங்கிணைக்கும் பக்கம் போக ஆசை என்கிறீர்கள். அந்த வேலைக்குப் பட்டத்தைவிட பையர் அனுப்பும் மெயிலைப் படித்துப் புரிந்துகொள்வதும் எக்செல் தெரிவதும்தான் உடனடித் தேவை. ஆங்கிலம் தேறிவிட்டால் பட்டம் வரும்வரை காத்திருக்காமல் கம்பெனியிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

பிளஸ் டூ முடித்த பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ பார்த்துக்கொள்ளலாம். இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம்வரை நீட்டி முடிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்பது யுஜிசி விதி.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியல் கணவர் இனிஷியலாக மாறியிருக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். மாறியிருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பிக்கலாம்.