மில் தவிட்டில் நொதியம் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மில்லில் புழுங்கல் நெல் குற்றுகிறோம். காலபோக அறுவடை முடிந்தால் தவிடு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதில் பங்கசு வளர்த்து, சூடு தாங்கும் அமிலேசு எடுக்கலாம் என்கிறான் மகன். நடக்கிற காரியமா?
– மில்காரர் ஒருவர், முரசுமோட்டை

பதில்: நடக்கும் அண்ணை. தகாமினே என்ற ஜப்பானியர் கோதுமைத் தவிட்டில் அஸ்பர்ஜிலஸ் ஒரைசே என்ற பங்கசை வளர்த்து, மாப்பொருளை உடைக்கும் அமிலேசு நொதியத்தை எடுத்து, 1894இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றுவிட்டார். அது சமிபாட்டு மருந்தாக விற்பனையானது. தவிட்டில் ஒட்டியிருக்கும் மாப்பொருள்தான் பங்கசை அமிலேசு சுரக்கத் தூண்டுகிறது. புரதமும் அதிலேயே இருக்கிறது.

சூடு தாங்குமா என்ற இடத்தில்தான் மகன் கொஞ்சம் அவசரப்படுகிறார். அந்தப் பங்கசின் அமிலேசு 50, 55 பாகையில் நன்றாக வேலை செய்யும்; 60ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். அரிசி மாப்பொருள் பெரும்பாலும் 65 முதல் 75 பாகைக்குள்தான் தண்ணீரை இழுத்து ஊதுகிறது. கஞ்சி திடீரென்று தடிக்கிறதே, அந்தக் கட்டம். ஊதாத மாவில் நொதியத்துக்குப் பல் பதியாது. குளுக்கோசுப் பாகு செய்யும் ஆலைகளில் 105 பாகையில் சில நிமிடம், பிறகு 95இல் வேலை நடக்கும். அங்கே பசிலஸ் என்ற பற்றீரியாவின் அமிலேசுதான் நிற்கும். பங்கசு என்று பார்த்தால் தேர்மோமைசிஸ் லனுஜினோசஸ் நல்ல ஆள். எருக் குவியலின் நடுவே கையை விட்டால் சுடுமே, அங்கே வாழ்கிறவர். 50 பாகையில் சுகமாக வளருவார்.

செய்முறை என்று பார்த்தால், தவிட்டுக்கு ஏறக்குறைய சம எடை தண்ணீர். கையில் பிடித்து நசுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. 121 பாகை நீராவியில் 20 நிமிடம் அவித்து, ஆறவிட்டு, தூய வித்திகளைக் கலந்து தட்டில் பரப்பினால் மூன்று முதல் ஐந்து நாளில் வெள்ளைப் பஞ்சுபோல் மூடிவிடும். பிறகு தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் நொதியம் அந்த நீரில் இருக்கும். தடித்த கஞ்சியில் ஒரு கரண்டி விட்டு மிதமான சூட்டில் வைத்தால், கஞ்சி கண்முன்னே தண்ணீராய் இளகும். மாப்பொருள் இருந்தால் அயடீன் நீலமாகும்; இதில் விட்டால் நீலம் வராது.

இதையெல்லாம் புத்தகத்தில் பார்த்துச் சொல்லவில்லை. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் எனக்கு இதுதான் ஆய்வு. கெட்டித்தனம் காட்டி, தட்டில் ஒரு சாண் உயரத்துக்குத் தவிட்டைக் கொட்டிவிட்டேன். மேலே அழகான வெள்ளை. மூன்றாம் நாள் நடுவில் விரலை விட்டால் சுட்டது. கிளறினால் புளித்த கள்ளு மணம். பங்கசு மூச்சுவிடும்போது வரும் சூடு வெளியேற வழியில்லாமல் தன்னையே அவித்துக்கொண்டது. இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் பரப்பக்கூடாது என்று அதன்பிறகுதான் தெரிந்தது. நம் வைகாசி வெயிலில் தகரக்கூரையின் கீழ் வைத்தால் சொல்லவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தானாகப் பூத்த பூஞ்சணத்தை எடுத்து வளர்க்கக்கூடாது. ஒரைசேயின் நெருங்கிய உறவு அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ். பார்வைக்கு இரண்டையும் பிரிக்க முடியாது. பிளேவஸ் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஈரலைக் கெடுக்கும், மாட்டுக்கும் ஆகாது. அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது. தவிட்டை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போய் முதலில் அங்கே பேசுங்கள்.

கேள்வி: ஒரு நொதியத்தின் உகந்த வெப்பநிலை 60 பாகை என்றால், அது 60 பாகையைத் தாங்கும் என்றுதானே பொருள், ரீச்சர்?
– உயர்தர மாணவி, வவுனியா

பதில்: இல்லைப் பிள்ளை. பரீட்சையிலும் பலர் சறுக்கும் இடம் இது. உகந்த வெப்பநிலையைச் சில நிமிடப் பரிசோதனையில் அளந்துவிடலாம். 60 பாகையில் வேகமாக ஓடுகிற நொதியம் அரை மணியில் செத்தும் போகலாம். தாங்குமா என்று பார்க்க வேண்டுமானால், மாப்பொருள் சேர்க்காமல் ஒரு மணிநேரம் சூட்டில் வைத்து, பிறகு வழக்கமான நிலையில் எவ்வளவு மிஞ்சியது என்று அளக்க வேண்டும். சிறிது கல்சியம் குளோரைட்டு சேர்த்தும் செய்துபாருங்கள். பல அல்பா அமிலேசுகளைக் கல்சியம் அயன் இறுக்கிப் பிடித்து, உருக்குலையாமல் வைத்திருக்கும்.

கேள்வி: தவிட்டுக்குப் பதில் உமி ஆகாதா? அது சும்மா கிடக்கிறது.
– வாசகர், மல்லாவி

பதில்: உமியில் பங்கசுக்குச் சாப்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் நைசான தவிடு ஈரத்தில் களியாகிவிடும். கொஞ்சம் உமி கலந்தால் இடையில் காற்றோடும். என் இரண்டாவது தட்டு பிழைத்தது அப்படித்தான்.